குழந்தை நட்சத்திரமும் இடைப்பட்ட ஏழு ஆண்டுகளும்

1960-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12-ஆம் நாள் ‘களத்தூர் கண்ணம்மா’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. ஏ.வி.எம். நிறுவனத்தார் தயாரித்த அப்படத்தை ஏ. பீம்சிங் இயக்கியிருந்தார். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் முதன்மை வேடங்களை ஏற்றிருந்தனர். ஆயினும் படம் பார்த்துத் திரும்பியோரின் நெஞ்சில் நின்றவன், அநாதை இல்லத்தில் வளரும் செல்வம் என்ற சிறுவனே. அவன் கைகூப்பி நின்று பாடும் காட்சியில் அரங்கங்கள் கண்ணீர் வடித்தன. பாடிய குரல் எம். எஸ். ராஜேஸ்வரி அம்மையாருடையது, முகமோ ஆறு வயதுகூட நிரம்பாத ஒரு பரமக்குடிப் பிள்ளையுடையது. அப்பிள்ளைதான் கமல்ஹாசன்.

பின்னாளில் அவர் எய்திய புகழை நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஐந்து வயதுச் சிறுவனுக்கும் புகழ்பெற்ற நடிகருக்கும் இடையே கிடக்கும் ஆண்டுகளைப்பற்றித்தான் இத்திங்கள் வாசகர்களோடு சிறிது எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். அவற்றைப்பற்றிப் பேசுவோர் குறைவு. நம் இல்லங்களில் பிள்ளைகளை வளர்ப்போர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமோ அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது.

முதற் படத்திற்குப் பின் அச்சிறுவனுக்கு வாய்ப்புகள் வந்தன. 1962-இல் ‘பார்த்தால் பசி தீரும்’, ‘பாத காணிக்கை’, மலையாளத்தில் ‘கண்ணும் கரளும்’. 1963-இல் ‘வானம்பாடி’, ‘ஆனந்த ஜோதி’. சிவாஜி கணேசனோடும் எம்.ஜி.ஆரோடும் ஒரே திரையில் தோன்றும் பேறு ஒன்பது வயதுக்குள் கிட்டிவிட்டது. அதற்குமேல் அழைப்பு இல்லை. சிறுவன் செய்த பிழை எதுவும் அதற்குக் காரணமன்று. பால்பல் விழுந்தது, கால் நீண்டது, கன்னத்தின் குழந்தைத்தனம் கரைந்தது, அவ்வளவுதான். திரைக்குக் குழந்தை வேண்டும். அல்லது காளை வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவன் அதற்குப் பயன்படான். உலகம் முழுவதும் குழந்தை நட்சத்திரங்களுக்கு நேர்வது இதுவே. எந்த மழலைக்காக ஊர் கொண்டாடியதோ, அந்த மழலை தேய்ந்தவுடன் ஊர் வேறொரு மழலையைத் தேடிப் போய்விடுகிறது.

அந்நிலையில் அச்சிறுவன் சென்று சேர்ந்த இடம் நாடகக் குழு. ஒளவை டி. கே. சண்முகமும் அவர்தம் சகோதரர்களும் நடத்திய டி.கே.எஸ். நாடக சபை அது. சண்முகம் அவர்களே ஒரு காலத்தில் குழந்தை நடிகராய் இருந்தவர். சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையில் 1918-இல் ஆறு வயதில் சேர்ந்து, சொல் சுத்தமும் பாட்டும் நடிப்பும் பயின்றவர். ஆதலால், பச்சிளம் பிள்ளையைப் பழக்கும் முறை அவருக்குத் தெரிந்திருந்தது. கேமராவின் முன்னே மழலையாகச் சிரித்தால் போதும்; மேடையிலோ கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் கேட்க வேண்டும். தவறினால் திரும்ப எடுக்க முடியாது. ஒரு வேடத்தை நூறு முறை செய்தாலும் நூற்றியொன்றாம் முறை புதிதாய்ச் செய்தாக வேண்டும். திரையில் பெயர் பெற்ற பிள்ளை, மேடையில் முதல் வகுப்பிலிருந்து தொடங்கினான் என்று சொன்னால் அது மிகையாகாது.

பின்னர் நடனம் பயின்றார். 1970-இல் வெளிவந்த ‘மாணவன்’ படத்தில் ஒரு பாடலுக்கு ஆடினார். உடன் ஆடியவர் குட்டி பத்மினி. ‘குழந்தையும் தெய்வமும்’ (1965) படத்தில் இரட்டை வேடத்தில் நடித்துத் தமிழ் நாட்டையே கவர்ந்த அதே குழந்தை. பின்னாளில் தொலைக்காட்சித் தொடர்களின் தயாரிப்பாளராகத் தம் வாழ்வை அமைத்துக்கொண்டவர். அந்நாளைய இரு குழந்தை நட்சத்திரங்கள் ஒரு பாடலுக்கு மட்டும் வந்துபோன காட்சி அது. அதன் பிறகும் கமல்ஹாசன் கதாநாயகராகவில்லை. நடன ஆசிரியர் தங்கப்பனிடம் உதவியாளராய்ப் பணி செய்தார். மற்றவர்கள் ஆடுவதற்கு அடி சொல்லிக் கொடுக்கும் வேலை. நம் இல்லங்களில் பலர் பார்த்திருக்கக்கூடிய ‘அன்னை வேளாங்கண்ணி’ (1971) படத்தைத் தங்கப்பனே இயக்கினார். அதில் உதவி இயக்குநராய் உழைத்த அவ்விளைஞர், சிறிது நேரம் இயேசுவின் வேடத்திலும் தோன்றினார். பெயர்ப் பட்டியலில் அவ்வேடத்திற்குப் பெயர்கூட இல்லை. 1973-இல் கே. பாலசந்தரின் ‘அரங்கேற்றம்’ வந்த பிறகுதான் நடிகர் என்ற கணக்கு மீண்டும் தொடங்கிற்று. ‘அபூர்வ ராகங்கள்’ 1975-இல் வந்தது. ‘மூன்றாம் பிறை’ (1982), ‘நாயகன்’ (1987), ‘இந்தியன்’ (1996) ஆகிய மூன்று படங்களுக்காகச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவரைத் தேடி வந்தது.

1963-இன் ‘ஆனந்த ஜோதி’க்கும் 1970-இன் ‘மாணவ’னுக்கும் இடையே ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளில் கற்றவையே பின்னைய ஐம்பது ஆண்டுகளுக்குச் சோறு போட்டன என்பது நம் கருத்து. 1983-இல் வந்த ‘சலங்கை ஒலி’யில் நாட்டியக் கலைஞராக அவர் ஆடியது, ஐந்து வயதில் அழுததால் வந்த திறமையன்று, யாரும் பாராத கூடத்தில் அடி பயின்றதால் வந்தது. 1996-இல் தம் படம் ஒன்றிற்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயர் சூட்டித் தம் நாடக ஆசானுக்கு அவர் நன்றி செலுத்தினார். தமக்கு உண்மையான தொடக்கம் எது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் என்று தோன்றுகிறது.

இங்கே வாசகர்களுள் சிலர் ஒரு தடையை எழுப்பக்கூடும். “அவர் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லையே, சாமி! பிறகு பள்ளிக்கூடம் எதற்கு?” என்பர். உண்மைதான், அவர் பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். ஆனால் அவர் தந்தையார் வழக்கறிஞர். மூத்த தமையனாரும் வழக்கறிஞர். நூல்களும் பேச்சும் நிறைந்த வீடு. ஒரு பள்ளியை விட்டாலும் நாடகசாலை என்னும் வேறொரு பள்ளி, கண்டிப்பான ஆசானோடு, அவரை ஏற்றுக்கொண்டது. தவறி விழுந்தாலும் தாங்கிப் பிடிக்க வீடு இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை அவரை மேற்கோள் காட்டும் பெற்றோர், இவற்றையும் சேர்த்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆலமரம் பாறையிடுக்கிலும் வளர்கிறது என்பதற்காக, யாரும் நெல்லைப் பாறையில் விதைப்பதில்லை.

இடைவெளியே இல்லாமல் வளர்ந்தவர்களும் உண்டு. சிவகாசிப் பக்கத்தில் 1963-இல் பிறந்த ஸ்ரீதேவி, ‘கந்தன் கருணை’ (1967) படத்தில் குழந்தை முருகனாகத் தோன்றியபோது வயது நான்குகூட நிரம்பவில்லை. ‘துணைவன்’ (1969) படத்திலும் முருகனாக வந்தார். பின்னர்த் தென்னக மொழிகள் பலவற்றில் ஓய்வின்றி நடித்தார். 1976 அக்டோபரில் ‘மூன்று முடிச்சு’ வெளிவந்தது. அதில் அவர் கதாநாயகி. ரஜினிகாந்த் ஏற்ற பாத்திரத்திற்குச் சிற்றன்னையாகவே ஆகிவிடும் பெண். அப்போது அவருக்கு வயது பதின்மூன்று. அதே படத்தில் கமல்ஹாசனும் இருந்தார். அவரோ இருபத்திரண்டை எட்டிக்கொண்டிருந்த இளைஞர். இருவரும் ஒரே நிலத்தில் முளைத்த குழந்தை நட்சத்திரங்களே. ஒருவருக்கு வளர ஏழு ஆண்டுகள் கிடைத்தன. மற்றவருக்கு ஓர் ஆண்டுகூடக் கிடைக்கவில்லை.

ஸ்ரீதேவியின் பிற்காலப் புகழில் குறைவொன்றுமில்லை. இந்தியா முழுவதும் அறிந்த பெயர் அது. 2018-இல் அவர் மறைந்தபோது நாடே வருந்தியது. அவர்தம் திறமையைக் குறைத்துச் சொல்ல நாம் வரவில்லை. பதின்மூன்று வயதுப் பெண் எட்டாம் வகுப்பில் தோழியரோடு சண்டையிட்டு, மறுநாள் கூடிக்கொள்ள வேண்டிய பருவத்தில் இருப்பவள். அந்தப் பருவத்தைப் புகழ் திருப்பித் தருவதில்லை என்பதை மட்டுமே சொல்ல வருகிறோம். ‘மூன்றாம் பிறை’யில், விபத்தினால் மனம் குழந்தைப் பருவத்திற்குத் திரும்பிவிட்ட இளம் பெண்ணாக அவர் நடித்ததைக் கண்டு வியவாதார் இல்லை. அக்காட்சிகளை இன்று பார்க்கையில் வியப்போடு சிறிது வருத்தமும் நமக்கு உண்டாகிறது.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. 1937-இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘பாலயோகினி’ படத்தில் அவர்தம் சகோதரர் மகளான பேபி சரோஜா நடித்தார். அக்காலத்தில் பிறந்த பெண் குழந்தைகள் பலருக்குச் சரோஜா என்று பெயரிடும் அளவுக்கு அக்குழந்தையின் புகழ் பரவிற்று. பிறகு ‘தியாகபூமி’ (1939), ‘காமதேனு’ (1941). அத்துடன் திரை வாழ்வு முடிந்தது. மூன்றே படங்கள். அதன்பின் திரைக்கு வெளியே நெடுங்காலம் அமைதியாக வாழ்ந்து, 2019-இல் மறைந்தார். நிறுத்திக்கொள்ளத் தெரிந்த குடும்பம் என்று அதனைப் பாராட்டலாம்.

கடல் கடந்த நாடுகளிலும் இதே கதைதான். டிக்கன்ஸ் எழுதிய ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலைத் தழுவி, 1968-இல் இங்கிலாந்தில் ‘ஆலிவர்!’ என்ற படம் எடுக்கப்பட்டது. அநாதைச் சிறுவன் ஆலிவராக மார்க் லெஸ்டரும், அவனைக் கள்வர் கூட்டத்திற்கு அழைத்துச் செல்லும் சிறுவனாக ஜாக் வைல்டும் நடித்தனர். படம் ஆஸ்கார் பரிசு பெற்றது. ஜாக் வைல்டின் பெயரும் துணை நடிகருக்கான பரிசுக்கு முன்மொழியப்பட்டது. இருவருக்கும் புகழ் ஒரே நாளில் வந்தது. வளர்ந்த பின் மார்க் லெஸ்டர் நடிப்பைக் கைவிட்டு, எலும்பு, தசை நோய்களைக் கைகளால் நீவிக் குணப்படுத்தும் மருத்துவத்தைக் கற்று, அதனையே தொழிலாகக் கொண்டார். ஜாக் வைல்டோ இளமையிலேயே மதுவுக்கு அடிமையானார், வாய்ப்புகள் கைநழுவின, வாய்ப் புற்றுநோய் கண்டு 2006-இல் தம் 53-ஆம் வயதில் மாண்டார். ஒரே படத்தில் தொடங்கிய இரு சிறுவர்களும் இருவேறு இடங்களில் போய் நின்றனர். திரை ஒளி அணைந்த பிறகு செய்வதற்கு ஒரு வேலை கையில் இருந்தவர் பிழைத்தார்.

இவையெல்லாம் நம் கொடுங்கையூருக்கு என்ன தொடர்பு என்று கேட்பீர்களாயின், நிறையத் தொடர்புண்டு. 2014-இல் பன்னாட்டு விழாக்களில் காட்டப்பெற்று, 2015-இல் வெளிவந்த ‘காக்கா முட்டை’ படத்தை அறிவீர்கள். மணிகண்டன் இயக்கிய அப்படத்தில் அண்ணன் தம்பியாக நடித்த ரமேஷும் விக்னேஷும் நம் சென்னைப் பிள்ளைகளே. 2014-ஆம் ஆண்டின் சிறந்த குழந்தை நடிகருக்கான தேசிய விருது இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. சென்னையே பெருமைப்பட்டது. அதுமுதல் நம் பக்கத்துப் பெற்றோர் உள்ளத்தில் ஓர் ஆசை முளைத்திருப்பதை நாம் காண்கிறோம். தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டிகள், தொடர்கள்; போதாக்குறைக்குக் கைப்பேசியில் எடுக்கும் குறும்படக் காட்சிகள். மூலக்கடையில் பேருந்தேறி வடபழனிக்கும் சாலிகிராமத்துக்கும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் தாய்மாரை நாம் அறிவோம்.

அண்மையில் ஒரு தம்பதியர் நம்மிடம் வந்தனர். கணவர் துறைமுகப் பக்கம் சரக்குந்து ஓட்டுகிறவர்; உடல்நலம் குன்றிச் சில திங்களாய் வேலைக்குச் செல்லவில்லை. எட்டு வயது மகன் ஒரு தொடரில் நடிக்கிறான். தொடக்கத்தில் விளையாட்டாகத் தொடங்கியது, இப்போது வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் என்று நீண்டுவிட்டது. பள்ளியிலிருந்து எச்சரிக்கை வந்திருக்கிறது. “இந்த வருஷம் போனா அடுத்த வருஷம் படிச்சுக்கலாம், ஃபாதர். இந்த வாய்ப்பு போனா திரும்ப வருமா?” என்றார் தாய். தந்தை ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, “அவன் சம்பளத்துலதான் ஃபாதர் இப்ப வாடகை” என்றார்.

அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கியிருந்தது. குழந்தையின் ஊதியம் வீட்டின் மிகுதியாய் இருக்கும்வரை, வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெற்றோர் கையில் இருக்கிறது. அதுவே வாடகையும் அரிசியுமாய் ஆகிவிட்ட நாள் முதல், வேண்டாம் என்று சொல்ல வீட்டில் யாருமில்லை. குழந்தைக்கும் அது புரிந்துவிடுகிறது. களைப்பாயிருக்கிறது என்று சொல்லவும் அஞ்சுகிறது. எட்டு வயதில் குடும்பத்தலைவனாகிவிட்ட பிள்ளை, பதின்மூன்று வயதில் அழைப்பு நின்றவுடன், தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதாகவே எண்ணும்.

நாம் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பசியின்முன் உபதேசம் செய்வது எளிது. தந்தைக்கு மாற்று வேலை தேடும் பொறுப்பைப் பங்கில் சிலர் ஏற்றுக்கொண்டுள்ளனர். மகனைப்பற்றி மூன்று வினாக்களை மட்டும் அவர்கள்முன் வைத்தோம். அவற்றை வாசகர்கள் முன்னும் வைக்கிறோம்.

முதலாவது, பணம் யாருடையது? அமெரிக்காவில் சாப்ளினோடு ‘தி கிட்’ (1921) படத்தில் நடித்த ஜாக்கி கூகன், சிறுவனாகவே பல இலட்சம் டாலர் ஈட்டினான். வயது வந்தபின் கேட்டபோது, தாயும் மாற்றாந்தந்தையும் பெரும்பகுதியைச் செலவழித்திருந்தனர். 1938-இல் வழக்காடி அவன் பெற்றது சிறு பகுதியே. அதன் விளைவாக 1939-இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் ஊதியத்தைக் காக்கச் சட்டம் பிறந்தது. நம் நாட்டிலும் சட்டம் உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டு, 2017-இல் அதற்கான விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி குழந்தைக் கலைஞரின் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டை, நாட்டுடைமை வங்கியில் அப்பிள்ளையின் பெயரில் நிலைவைப்பாக இட வேண்டும். வயது வந்த பின்னரே அது பிள்ளையின் கைக்கு வரும். உங்கள் பிள்ளையின் பெயரில் அக்கணக்கு இருக்கிறதா?

இரண்டாவது, நேரம் யாருடையது? அதே விதிகளின்படி ஒரு நாளில் 5 மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றி 3 மணி நேரத்திற்கு மேலும் குழந்தையை வேலை வாங்கலாகாது. தொடர்ந்து 27 நாள்களுக்கு மேல் ஈடுபடுத்தலாகாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியைத் தயாரிப்பாளர் பெற வேண்டும். பள்ளிப் படிப்பு தடைப்படலாகாது. குழந்தையின் விருப்பத்திற்கு மாறாக நடிக்க வைக்கலாகாது. இவற்றைக் கேட்பதற்குப் பெற்றோர் கூச்சப்படுகின்றனர். கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று அஞ்சுகின்றனர். கேட்டதற்காக விலக்கும் இடத்தில் பிள்ளையை விட்டுவரலாமா என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

மூன்றாவது, அழைப்பு நின்றுபோன பிறகு பிள்ளை என்ன செய்வான்? இதுவே மூன்றனுள் பெரியது. ‘சலாம் பாம்பே’ (1988) படத்தில் நடித்துத் தேசிய விருது பெற்ற ஷபீக் சையத், பின்னாளில் பெங்களூரில் ஆட்டோ ஓட்டிக் குடும்பத்தைக் காத்தார். ஆட்டோ ஓட்டுவது இழிவன்று. உழைத்துண்ணும் எத்தொழிலும் மேலானதே. விருது தந்த உலகம் அதற்கடுத்த படியை அச்சிறுவனுக்குக் காட்டவில்லை என்பதே நம் வருத்தம். அந்தப் படியை உலகம் கட்டாது. வீடுதான் கட்ட வேண்டும். பள்ளியோ, இசையோ, நடனமோ, கைத்தொழிலோ, கைதட்டல் இல்லாதபோதும் பிள்ளை விரும்பிச் செய்யும் ஒரு கல்வி இருத்தல் வேண்டும்.

நாசரேத்தூரில் பன்னிரண்டு வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளைப்பற்றி நற்செய்தி அநேகமாய் மௌனம் சாதிக்கிறது. ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் அவர் மிகுந்து வந்தார் என்பதோடு முடித்துக்கொள்கிறது. ஒரு தச்சுப் பட்டறையும் ஒரு வீடும் அவ்வாண்டுகளுக்குப் போதுமானவையாயிருந்தன.

பெற்றோரே! உங்கள் பிள்ளைக்குக் குரல் இனிமையாயிருந்தால் பாடட்டும். முகம் பேசினால் நடிக்கட்டும். திறமை கடவுளின் கொடை. அதனை மூடி வைக்கச் சொல்லவில்லை. ஊர் கொண்டாடும் இரண்டு ஆண்டுகளுக்காக, ஊர் மறந்துவிடும் ஏழு ஆண்டுகளை விற்றுவிடாதீர்கள். அந்த ஏழு ஆண்டுகளில் பிள்ளைக்குப் பக்கத்தில் கேமரா இராது, பத்திரிகைக்காரர் இரார். ஒரு நல்லாசிரியரும் பெற்றோராகிய நீங்களும் இருந்தால் போதும்.